ஆராதனைக்கு எடுத்துப்போன ரிவால்வர்

எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் ஃப்ரீவேக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அமெரிக்கச் சபையின் ஹாலை ஞாயிறு மாலைகளில் வாடகைக்கு எடுத்துத்தான் ஆராதனை நடத்துகிறோம். காலையில் அவர்கள் பாடி முடித்துப் போன பிறகு, அவர்களுடைய காபி வாசனை அடங்குவதற்குள் நாங்கள் போய் நாற்காலிகளை நேராக்கி, பாட்டுப் புத்தகப் பெட்டிகளைக் கார்களிலிருந்து இறக்குவோம். நர்ஸ்கள், எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியர்கள், ஐ.டி.யில் வேலை பார்ப்பவர்கள், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். புதிதாக ஒருவர் வந்தால், கடைசிப் பாட்டுக்குள் அவர் எந்த ஊர், எந்தச் சபை, யாருக்கு என்ன உறவு என்பது தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட இடத்துக்கு நான் ரிவால்வர் எடுத்துக்கொண்டு போனேன். சபை கேட்டுக்கொண்டுதான் போனேன்.

வழிபாட்டு இடங்களில் எவனோ புகுந்து சுட்டான் என்கிற செய்தி அடிக்கடி வந்துகொண்டிருந்தது. ஹாலின் சொந்தக்காரர்கள் தங்கள் சபையில் ஒரு பாதுகாப்புக் குழு அமைத்திருந்தார்கள். வெளியே தெரியாமல் துப்பாக்கி வைத்திருக்கும் தொண்டர்கள் நாலைந்து பேர் ஆராதனை நேரத்தில் அங்கங்கே நிற்பார்கள். மாலையில் வரும் நீங்களும் உங்களுக்கென்று ஒரு குழு வைத்துக்கொள்வது நல்லது என்று அவர்கள் எங்கள் பாஸ்டரிடம் சொன்னார்கள். டெக்சஸில் இதை யாரும் வித்தியாசமாக நினைப்பதில்லை.

கமிட்டிக் கூட்டத்தில் பாஸ்டர் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். முதலில் கை தூக்கியவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நாகர்கோவில்காரர், என்னைவிடச் சில வயது மூத்தவர். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. அகலமான உடம்பு, உரத்த குரல். ஆலை நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போய்வருகிறவர். சபையில் துப்பாக்கியைப் பற்றி உண்மையில் ஏதாவது தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"வாசல்ல நான் நிக்கேன். உள்ள ஒரு ஆளு வேணும், எனக்கு பேக்கப்பா," என்றார். அவர் பார்வை மேசையைச் சுற்றி வந்து என்மேல் நின்றது. "தம்பி, நீங்க வாங்க."

"அண்ணே, நான் பட்டாசு வெடிச்சே பல வருஷம் ஆச்சு."

"அதாக்கும் வேணும். துப்பாக்கிமேல ஆச உள்ள ஆளு எனக்கு வேண்டாம். நீங்க கோவம் வராத ஆளு. அது போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிவாகிவிட்டது.

வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை. அவள் மருத்துவமனையில் பார்மசிஸ்ட். எதையும் பக்க விளைவுகளோடு சேர்த்துத்தான் யோசிப்பாள்.

"ஒரு கைல பாட்டு புக், இன்னொரு கைல இதுவா?"

"கைல இல்ல. பாக்கெட்ல."

"ஜோக் பண்ணாதீங்க. யாரையாவது ஷூட் பண்ற மாதிரி ஆயிடுச்சுன்னா, அப்புறம் நீங்க நீங்களா இருப்பீங்களா?"

"அப்படியெல்லாம் ஆகாதும்மா."

"ஆகாதுன்னா எதுக்கு வாங்குறீங்க?"

 அடுத்த சனிக்கிழமை காலை அண்ணன் தன் டிரக்கைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். நான் போய் ஏறிக்கொண்டேன்.

துப்பாக்கிக் கடை எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு கற்பனை இருந்தது. உள்ளே போனால் பல்பொருள் கடை மாதிரி வெளிச்சமாக இருந்தது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் துப்பாக்கிகள் வரிசையாகப் படுத்திருந்தன. பின்பக்கம் சுவருக்கு அப்பால் பயிற்சிக் கூடத்திலிருந்து கதவை அறைந்து சாத்துவது போன்ற சத்தம் வந்துகொண்டேயிருந்தது. கவுன்டரில், மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பெண்மணி, எங்கே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். எதற்கு என்று கேட்கவில்லை.

சின்ன பிஸ்டல்களைத்தான் முதலில் காட்டினார். தட்டையாக, அழகாக இருந்தன. ஆனால் அதைத் தயார்ப்படுத்த மேல்பாகத்தை ஒரு கையால் பின்னுக்கு இழுக்க வேண்டும். பேட்மின்டன் ஆடி விழுந்ததில் என் இடது மணிக்கட்டு உடைந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறது. பாதி இழுப்பதற்குள் மணிக்கட்டு விண்ணென்று வலித்தது. ஒன்றுக்கு மூன்றாக மாற்றிப் பார்த்தும் அதே கதைதான்.

"அப்ப ரிவால்வர்தான்," என்றார் அண்ணன். "இழுக்கது, பூட்டுகது ஒண்ணும் வேண்டாம். குண்டு போட்டு மூடினா ரெடி. மாட்டிக்கிடவும் செய்யாது."

இரும்பில் செய்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார் அந்தப் பெண்மணி. கைக்குக் கனமாக, நம்பிக்கையாக இருந்தது. நான் அன்று என் பழைய பிளேஸரைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஹாலில் ஏ.சி. நடுக்குவதால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் போடுவேன். அதன் வலது பக்கப் பாக்கெட்டில் ரிவால்வரைப் போட்டதும் தோள் ஒரு பக்கம் சரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பாக்கெட்டில் கல்லைப் போட்டுக்கொண்டு நிற்பவனைப் போல இருந்தேன்.

பிறகு வந்தது அலுமினியக் கலவையில் செய்த இன்னொன்று. அதே அளவு, அதே குட்டைக் குழல், அதே ஐந்து குண்டு அறைகள். கையில் வாங்கியவுடன் உள்ளே ஒன்றுமில்லையோ என்று தோன்றியது. போனும் சாவிக்கொத்தும் சேர்ந்தால் என்ன கனமோ அவ்வளவுதான். மற்றவற்றில் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும், குண்டைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியல் இதில் வெளியே தெரியாது, உடலுக்குள்ளேயே மறைந்திருக்கும். துணியில் மாட்டாது என்றார் அந்தப் பெண்மணி. தேவைப்பட்டால் வெளியே எடுக்காமல் கோட்டுப் பாக்கெட்டுக்குள் இருந்தபடியே சுடலாம் என்பதையும், சட்டையை வெந்நீரில் துவைக்கலாம் என்பதுபோல, சாதாரணமாகச் சொன்னார்.

"சேஃப்டி பட்டன் எங்க இருக்குண்ணே?"

"இதுல கிடையாது. விசையை அழுத்திப் பாருங்க."

அழுத்தினேன். விசை நீளமாக, கனமாகப் பின்னுக்கு வந்தது. வர வர, குண்டு போடும் உருளை மெல்லச் சுழன்றது. அடுத்த அறை நேருக்கு வந்து நின்றதும் ஒரு கிளிக்.

"இந்தக் கனந்தான் சேஃப்டி," என்றார் அண்ணன். "தெரியாம அழுத்திர முடியாது. அழுத்தணும்னு நெனச்சு அழுத்தினாத்தான் வெடிக்கும்."

பயிற்சிக் கூடத்தில் வாடகைக்கு அதே மாதிரி ஒன்று கொடுத்தார்கள். முதல் குண்டிலேயே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் யாரோ பிரம்பால் அடித்தாற்போல இருந்தது. துப்பாக்கியில் கனம் இல்லாததால் அதிர்ச்சி முழுவதும் கைக்கு வந்துவிடும் என்று அண்ணன் காதருகே கத்தினார். ஐந்தையும் சுட்டுவிட்டு வெளியே வந்தபோது உள்ளங்கை மரத்துப்போயிருந்தது. பெரிய ரப்பர் பிடி போட்டால் வலி குறையும், ஆனால் ரப்பர் துணியோடு ஒட்டிக்கொண்டு வெளியே வராது. சின்ன மரப்பிடி வழுக்கிக்கொண்டு வரும், ஆனால் வலிக்கும். நான் மரப்பிடியை எடுத்தேன்.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: அந்தக் காலைப்பொழுது எனக்குப் பிடித்திருந்தது. கைக்கடிகாரம் வாங்கப் போனவனைப் போல ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எது என் கைக்குப் பொருந்தும், எது என் உடைக்குள் தெரியாமல் இருக்கும் என்பது மட்டுமே அப்போது மனதில் இருந்தது. அதன் முன்னால் ஒரு மனிதன் நிற்க வேண்டியிருக்கும் என்பது ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

திரும்பி வரும் வழியில், மெக்சிகன் சாப்பாடு விற்கும் ஒரு டாக்கோ கடையில் நிறுத்தினோம். அண்ணனின் போன் மேசைமேல் இருந்தது. அதன் திரையில் கூடைப்பந்து உடையில் ஒரு பையன் படம். பல வருடப் பழைய படம். எனக்கு அந்தப் பையனைத் தெரியும். அண்ணனுக்கு ஒரே மகன். சின்ன வயதில் ஞாயிறு பள்ளிக்கு என் மகளோடு சேர்த்து என் காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான். அப்பாவுக்கும் அவனுக்கும் வீட்டில் பெரிய சண்டை. அவன் கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் போய்விட்டான். அண்ணி மட்டும் போனில் பேசுவார். அப்பாவும் மகனும் பேசி நான்கைந்து வருடம் ஆகியிருந்தது.

நான் படத்தைப் பார்ப்பதை அண்ணன் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். "சாப்பிடுங்க, ஆறிரும்," என்றார்.

பிறகு லைசென்ஸ் வகுப்பு, கைரேகை, சபைகளுக்கென்றே நடத்தும் ஒரு வார இறுதிப் பயிற்சி எல்லாம் முடிந்தன. பயிற்சி கொடுத்தவர் முன்னாள் போலீஸ்காரர். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். முகம் உன்னைக் கொல்லாது. கைதான் கொல்லும்.

அந்தப் பயிற்சி என் கண்ணுக்குள் புகுந்துகொண்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஹாலில் எனக்கு முகங்கள் குறைந்து கைகள் கூடின. கைப்பைக்குள் போகும் கை, பிள்ளையின் வாயைத் துடைக்கும் கை, காணிக்கைக்காகப் பின்பாக்கெட்டுக்குப் போகும் கை. முன்பெல்லாம் ஜெபம் என்றால் கண்ணை மூடுவேன். இப்போது எல்லோரும் கண்ணை மூடும் நேரத்தில்தான் நான் இன்னும் நன்றாகத் திறந்துவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. முன்வரிசைக்குப் பக்கவாட்டில், பியானோவுக்கு அருகே சுவரில் சாய்ந்து நிற்பேன். அங்கிருந்து நடைபாதை முழுவதும் தெரியும். கண்மூடிய முகங்களை இவ்வளவு நாள் நான் பார்த்ததே இல்லை. தூங்குகிறவர்களைப் போலவும் இருக்காது. சிலருடைய உதடுகள் அசையும். சிலர் அழுவார்கள். பார்க்கக் கூடாததைப் பார்க்கிறோம் என்று கூசும்.

ரிவால்வர் பாக்கெட்டுக்குள் சின்னத் தோலுறையில் இருந்தது. கனமே இல்லாததால் சில வேளை இருக்கிறதா என்று சந்தேகம் வந்து தொட்டுப் பார்ப்பேன். அப்படித் தொடுவது மெல்லப் பழக்கமாகிவிட்டது. ஆபீசில் மீட்டிங்கில்கூட வலது கை தானாகப் பாக்கெட்டைத் தேடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியின் பிறந்தநாள். எங்கள் சபையில் பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பார்கள். அவர்களுக்காகத் தனியாக ஜெபம் செய்வது வழக்கம். அண்ணி மயில் கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை கட்டி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் பார்க்கிங்கில் ஒரு சுற்று வரப் போயிருந்தார். வெளியே இன்னும் வெயில் இருந்தது. ஹாலின் உயரமான ஜன்னல்கள் வழியாக வெளிச்சம் தரையில் விழுந்திருந்தது. பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கினார். எல்லோரும் தலை குனிந்தார்கள்.

பின்வாசல் திறந்தது.

உள்ளே வந்தவன் கறுப்பு ஹூடி போட்டிருந்தான். அதோடு சேர்த்துத் தைத்த தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தான். வெளியே அனல் அடிக்கும் நாளில் ஹூடி. முகத்தில் தாடி இருந்தது என்பது மட்டும்தான் என் மனதில் பதிந்தது. இரண்டு கைகளும் வயிற்றுக்கு முன்னாலிருக்கும் பையில் நுழைந்திருந்தன. அவன் நடைபாதையில் நேராக நடந்து வந்தான். பாதி ஹாலில் நின்றான். உட்கார இடம் தேடுகிறவன் ஓரத்து நாற்காலிகளைப் பார்ப்பான். இவன் தலைகளுக்கு மேலாக, வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு நின்றான். யாரையோ தேடுகிறான். அல்லது எங்கே தொடங்குவது என்று பார்க்கிறான்.

என் கை பாக்கெட்டுக்குள் இருந்தது. அது எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. உள்ளேயே உறையிலிருந்து உருவியிருந்தேன். பிளேஸரின் துணி முன்னால் தூக்கிக்கொண்டு நின்றது. எனக்கும் அவனுக்கும் நடுவில் யாருடைய தலையும் இல்லை.

அவன் என்னைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். வலது கை ஹூடிப் பைக்குள் அசைந்தது. எதையோ பற்றியது. வெளியே வரத் தொடங்கியது.

"மக்ளே!"

அப்படி ஒரு குரலை அந்த ஹாலில் யாரும் கேட்டதில்லை. பின்வாசலிலிருந்து அண்ணன் ஓடி வந்தார். அவ்வளவு பெரிய உடம்பு அப்படி ஓடும் என்று நான் நினைத்ததேயில்லை. அவன் திரும்புவதற்குள் அவனை வாரிப் பிடித்து, பிடித்தபடியே ஒரு சுற்றுச் சுற்றி, தன் முதுகு என் பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டார். அவருடைய வெளிர்நீலச் சட்டை முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது. என் துப்பாக்கிக்கு நேராக இப்போது அந்த முதுகு இருந்தது. அதற்குப் பின்னால் அவன் முழுதாக மறைந்துபோனான்.

"மக்ளே, மக்ளே, மக்ளே," என்று, அவர் ஊரில் பெற்ற பிள்ளையைக் கூப்பிடும் சொல்லை, அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவன் கையிலிருந்து போன் கீழே விழுந்து தரையில் அதிர்ந்துகொண்டிருந்தது. யாரோ அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜெப நேரத்தில் சத்தம் வரக் கூடாது என்று அதை நிறுத்தத்தான் எடுத்திருக்கிறான்.

சபை கண் திறந்தபோது அப்பாவும் மகனும் நடைபாதையில் கட்டிக்கொண்டு நின்றார்கள். வருடக்கணக்காகப் பேசாத அப்பா. எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். அண்ணி எழுந்து ஓடினார். புடவை தடுக்கி விழப்போனவரை இரண்டு பேர் பிடித்தார்கள். பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். பாஸ்டர் தயாரித்து வந்த பிரசங்கத்தை மூடி வைத்துவிட்டு, பிள்ளையைக் கண்டதும் தன்னை மறந்து ஓடும் தகப்பனைப் பற்றியே பேசினார். அப்பாக்கள் பலர் அன்று தங்கள் பிள்ளைகளின் தோளில் கை போட்டுக்கொண்டு கேட்டதைப் பார்த்தேன்.

நான் சுவரில் சாய்ந்தபடியே நின்றேன். பிரசங்கம் நடக்கும்போது மெல்ல நகர்ந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். ரிவால்வரை வெளியே எடுத்தேன். அதன் உருளை சரியான இடத்தில் நிற்கவில்லை. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில், பாதிச் சுற்றில் நின்றிருந்தது. விரலால் தொட்டேன். நகர்ந்து, கிளிக் என்று இடத்தில் உட்கார்ந்தது.

விசையை அழுத்தாமல் அந்த உருளை நகராது.

நான் அழுத்தியதை உணரவேயில்லை. இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன், விரல் அசைந்த ஞாபகமே இல்லை. பிறகு வீட்டில், குண்டுகளை எடுத்துவிட்டு, எவ்வளவு தூரம் அழுத்தினால் உருளை அந்த இடத்துக்கு வருகிறது என்று பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்திருக்கிறேன். அதை மனைவி ஒரு நாள் பார்த்துவிட்டாள். எதுவும் கேட்காமல் கதவை மூடிவிட்டுப் போனாள். பிறகு ஆபீசில் காபி கோப்பையைப் பிடிக்கும்போது, கார் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது, என் ஆள்காட்டி விரல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பேன். என் விரல் நான் இல்லாமலே ஒரு காரியத்தைப் பாதிவரை செய்திருக்கிறது. அதை எப்படி நம்பி உடம்போடு வைத்துக்கொள்வது?

ஒரு வாரம் அண்ணனிடமிருந்து போன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை தொடங்குமுன் பார்க்கிங்கில் டிரக்குக்குள் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். ஏறி உட்கார்ந்தேன். முன்கண்ணாடி வழியாக, அவருடைய மகன் பாட்டுப் புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போவது தெரிந்தது. இரண்டு வாரம் லீவு போட்டிருந்தான்.

"எல்லாரும் சொல்லுகாங்க, நான் அவனக் கெட்டிப்பிடிக்க ஓடினேன்னு," என்றார்.

அவர் கண் மகன் போன கதவிலேயே இருந்தது.

"உங்களுக்கும் அவனுக்கும் நடுவுல நிக்கத்தான் ஓடினேன்."

"தெரியும்ணே."

"உங்க கோட்டு தூக்கிட்டு நின்னத வாசல்ல இருந்தே பாத்தேன்."

"அண்ணே, எனக்கு அவன் முகம்…"

"விடுங்க. உங்களக் குத்தம் சொல்லல. எனக்கே தெரியலயே." ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "பார்க்கிங்ல எவனோ வாடகைக் காரை நிறுத்திட்டு ஹூடியோட உள்ள போறான். நான் பின்னால போனேன். கைய இடுப்புல வச்சிட்டுத்தான் போனேன். சட்டையத் தூக்கிட்டேன். எனக்க பிள்ளைக்க முதுகு அது. அந்த முதுகுல எங்க சுடணும்னு பாத்துட்டே நடந்தேன். பாதி ஹால் போனபெறவு அவன் நின்னான் பாருங்க, ஒத்தக் காலுல சாஞ்சு. சின்னதுல கோர்ட்ல பந்துக்காக நிக்கும்போ அப்படித்தான் நிப்பான். அப்பந்தான் தெரிஞ்சுது."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அழுத்தினீங்களா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல முடியவில்லை. "பாதி," என்றேன்.

அவர் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். "அவனுக்குத் தெரியண்டாம். அவனுக்க அம்மைக்கும் தெரியண்டாம். அப்பா எல்லாத்தையும் மறந்து ஓடி வந்தாருன்னு நெனச்சிட்டு இருக்கான். அன்னைக்கு வீட்டுல வந்து எனக்க கையப் பிடிச்சிட்டு அழுதான். நான் ஒண்ணும் சொல்லல. என்னத்தச் சொல்ல? அப்படியே இருக்கட்டும்."

"நான் குழுவுலேருந்து விலகிக்கிறேண்ணே."

"இப்பம் விலகாதீங்க. ஏன்னு கேப்பாங்க."

அதனால் இருந்தேன். ஆனால் உறையில் ரிவால்வரை வைத்தேனே தவிர, அதில் குண்டு போடவில்லை. அது அண்ணனுக்கும் தெரியாது. இலையுதிர் காலத்தில் அவர் முழங்கால் வலி என்று சொல்லிப் பொறுப்பை விட்டார். என்னைத் தலைமை ஏற்கச் சொன்னார்கள். வேலை அதிகம் என்றேன். கடைசியில் ஞாயிறு மாலைகளுக்கு, தன் பணி நேரம் போக மீதி நேரத்தில் காவலுக்கு வரும் போலீஸ்காரர் ஒருவரை அமர்த்திக்கொண்டார்கள். சீருடையோடு வாசலில் நிற்பார். எங்கள் சமோசா அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

மனைவி ரிவால்வரை விற்றுவிடச் சொன்னாள். கடைக்கு எடுத்துப் போனேன். கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்தபடியே, கடைக்குள் போய்வரும் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் வந்து, இது எவ்வளவு லேசாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு வாங்கிக்கொண்டு போவார். அவர் பாக்கெட்டில் அது எங்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியாமலே போய்விடும். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அலமாரியில் பூட்டுப் போட்ட பெட்டியில் இருக்கிறது. பெட்டியின் எண்ணை மனைவி மாற்றி வைத்திருக்கிறாள். நான் கேட்கவில்லை.

அண்ணனின் மகன் அந்த வருடமே ஹூஸ்டனுக்கு வேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். அப்பாவும் மகனும் சனிக்கிழமைகளில் பின்கட்டில் கறி சுடுவார்கள். போன மாதம் எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மனைவியும் அண்ணியும் சமையலறையில் இருந்தார்கள். அண்ணன் அடுப்பருகே புகைக்குள் நின்று இடுக்கியோடு ஏதோ பாடிக்கொண்டிருந்தார். அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். தமிழ் புரியும், பேசுவது ஆங்கிலம்தான்.

"அங்கிள், உங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லணும்னு நினைச்சுட்டே இருந்தேன்," என்று மட்டும் தமிழில் சொன்னான். மீதியை ஆங்கிலத்தில் சொன்னான்.

அன்று ஹாலுக்குள் வந்தபோது எல்லோரும் கண் மூடியிருந்தார்களாம். பாதி தூரம் வந்ததும் அவனுக்குத் தைரியம் போய்விட்டது. அம்மாவையும் காணவில்லை. அப்பா எந்த மூலையில் இருக்கிறார், தன்னைப் பார்த்தால் என்ன செய்வார் என்று தெரியவில்லை. யாரும் பார்க்கவில்லை, அப்படியே திரும்பிப் போய் அடுத்த விமானத்தைப் பிடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். அப்போதுதான் பியானோ பக்கத்தில் நான் மட்டும் கண்ணைத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டிருக்கிறான்.

"ஓகே, இங்கே ஒருவருக்காவது என்னைத் தெரிந்திருக்கிறது, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது, அங்கிள். அதனால்தான் நின்றேன். நீங்கள் மட்டும் பார்க்காமல் இருந்திருந்தால் நான் போயிருப்பேன்."

அவன் என் கையின்மேல் கை வைத்து அழுத்தினான். வலது கை. நான் அதை அவனுக்குக் கீழேயே விட்டுவைத்தேன்.

அடுப்பருகே அண்ணன் பாட்டை நிறுத்தியிருந்தார். புகைக்குள்ளிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு நாங்கள் பேசியது எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை.

"ரெண்டு பேரும் தட்ட எடுத்துட்டு வாங்க," என்றார். "கறி வெந்தாச்சு."